எந்த நாட்டு நெட் நல்ல நெட்? வீட்டு ஃபைபரும் மொபைல் டேட்டாவும் – ஒரு மதிப்பீடு

2019இல் 5ஜி தொடங்கிய தென் கொரிய நிறுவனங்கள் மூன்றும் 20 ஜிபிபிஎஸ் (20,000 எம்பிபிஎஸ்) வேகம் என்று விளம்பரம் செய்தன. 2021இல் அங்கே கிடைத்த சராசரி வேகம் நிறுவனத்துக்கு நிறுவனம் 656 முதல் 801 எம்பிபிஎஸ் வரை. சொன்னதில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் தேறியது. அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் 2023 மே மாதம் எஸ்கே டெலிகாம், கேடி, எல்ஜி யூபிளஸ் மூன்றுக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் அபராதம் போட்டது. இத்தனைக்கும் மொபைலில் 801 என்பது அசாத்திய வேகம். அவ்வளவு நல்ல சேவையைக் கையில் வைத்துக்கொண்டே அவ்வளவு பெரிய பொய்யும் சொன்னார்கள்.

அதனால் விளம்பர எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வேறு நான்கை வைத்துத்தான் இங்கே தரம் பிரித்திருக்கிறது: ராத்திரி எட்டு மணிக்குக் கிடைக்கும் வேகம், பதிவேற்ற வேகம், ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் குறைந்தபட்ச வேகம், ஒரு வருடத்தில் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம்.

அளக்கும் கருவிகளும் அவற்றின் குணமும்

எல்லோரும் முதலில் தட்டுவது ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட். நாடுகளை வரிசைப்படுத்தும் அதன் குளோபல் இண்டெக்ஸ் 2017இல் வந்தது. இப்போது சராசரியை விட்டுவிட்டு இடைநிலை மதிப்பைக் காட்டுகிறது, அதாவது பாதிச் சோதனைகள் அந்த எண்ணுக்கு மேலே, பாதி கீழே. இந்தச் சோதனை ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பக்கத்துச் சர்வரிலிருந்து இழுக்கிறது. அந்தச் சர்வரைப் பல ஊர்களில் நெட் கொடுக்கும் நிறுவனமே வைத்திருக்கும். உங்கள் தெருவிலிருந்து பேருந்து நிலையம் வரை ரோடு எப்படி என்பதை அது துல்லியமாகச் சொல்லும்; அதற்கப்புறம் நெடுஞ்சாலையில் நெரிசலா என்பதைச் சொல்லாது.

நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட்.காம் தன் சொந்த வீடியோ சர்வர்களிலிருந்து அளக்கிறது. ஸ்பீட்டெஸ்டில் 200 எம்பிபிஎஸ் காட்டிவிட்டு இதில் 5 மட்டும் வந்தால், நிறுவனம் வீடியோவை மட்டும் பிடித்து இறுக்குகிறது, அல்லது நெட்ஃபிளிக்ஸுக்குப் போகும் வழி நிரம்பி வழிகிறது என்று பொருள். கூகுள் தேடலுக்குள்ளேயே வரும் எம்-லேப் சோதனை ஒற்றை இணைப்பில், நிறுவனத்தின் வலையமைப்புக்கு வெளியே இருக்கும் சர்வரோடு பேசுகிறது. எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். ஒரே லைனில் ஸ்பீட்டெஸ்ட் 900 என்றும் எம்-லேப் 400 என்றும் காட்டினால் இரண்டும் மெய்தான், அளந்தது வேறு வேறு பொருளை. ஒரு நாட்டின் ஊக்லா எண்ணை இன்னொரு நாட்டின் எம்-லேப் எண்ணோடு வைத்துப் போடும் அட்டவணைகள் இணையத்தில் நிறையவே உலவுகின்றன. அவற்றைப் பார்த்தவுடன் மூடிவிடலாம்.

கிளவுட்ஃபிளேர் சோதனைக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. காரணம், லைன் சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், முழுப் பாரத்தில் இருக்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுகிறது. சும்மா இருக்கையில் 8 மில்லி செகண்ட், ஒரு வீடியோவைப் பதிவேற்றும்போது 400 என்றால், அந்த லைன் 1 ஜிபிபிஎஸ் ஆக இருந்தாலும் வீடியோ அழைப்பில் குரல் அறுபடும். ரவுட்டர் தன்னிடம் வரும் டேட்டாத் துண்டுகளை (பாக்கெட்டுகளை) அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்திவைப்பதுதான் காரணம். ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரவுட்டரில் அந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதியைப் போட்டு, வேக வரம்பை லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்குக் கூடுதல் சந்தா எதுவும் வேண்டியதில்லை.

அளக்கும்போது வைஃபை வேண்டவே வேண்டாம். கேட் 5இ அல்லது அதற்கு மேலான லேன் கேபிளை நேராக ரவுட்டரில் செருகுங்கள். 1 ஜிபிபிஎஸ் லைனில் 940 எம்பிபிஎஸ் அளவுக்கு வந்தால் அதுவே முழு வேகம். மீதி பாக்கெட் தலைப்புகளுக்குப் போய்விடும். எந்தச் சோதனையிலும் சொல்லி வைத்தாற்போல 94 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். எட்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். நூறுக்கு மேல் வேகமுள்ள லைன்களில் வரும் "நெட் ஸ்லோ" புகார்களில் இந்த 94 அடிக்கடி தலைகாட்டும்.

வீட்டு நெட்

வேகத்தை மட்டும் பார்த்தால் சுவிட்சர்லாந்தை அசைக்க ஆளில்லை. இனிட்7 என்ற சிறிய நிறுவனம் 2021இல் வீடுகளுக்கு 25 ஜிபிபிஎஸ் கொடுக்கத் தொடங்கியது. வருடத்துக்கு 777 பிராங்க், மாதக் கணக்கில் 64.75. சுவாரசியம் என்னவென்றால் 1, 10, 25 மூன்றுக்கும் அதே மாதக் கட்டணம்; தொடக்கக் கட்டணம்தான் மாறும். ஃபைபர் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு வேகத்தைக் கூட்ட நிறுவனத்துக்கு ஆகும் செலவு இரு முனையிலும் உள்ள கருவிக்குத்தான் என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் விலைப்பட்டியல் வேறு கிடையாது.

அது அங்கே முடிந்ததற்குக் காரணம் கம்பியைப் போட்ட விதம். ஒவ்வொரு வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தனி இழை. மற்ற நாடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கும் முறை. அதில் பரவலான ஜிபான் தொழில்நுட்பத்தில் கீழே வரும் மொத்தம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே போகும் மொத்தம் சுமார் 1.25 ஜிபிபிஎஸ், அதை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும். அந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்விஸ்காம் செலவைக் குறைக்கப் புதிய இடங்களில் இந்தப் பகிர்வு முறைக்கு மாறியபோது போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் தடை போட்டு, 2024இல் 1.8 கோடி பிராங்க் அபராதமும் விதித்தது. தனி இழை இருந்தால்தானே இன்னொரு நிறுவனம் தன் கருவியைச் செருகிப் போட்டியிட முடியும்? அங்கே குடியேறுவோர் வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன் முகவரியை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்ப்பது நல்லது. பக்கத்துக் கட்டடத்தில் 25 இருந்து இந்தக் கட்டடத்தில் இல்லாமல் போவது சாதாரணம். இன்னொன்று: 25 ஜிபிபிஎஸ்ஸுக்கு எஸ்எஃப்பி28 போர்ட் உள்ள ரவுட்டர் வேண்டும், பல கணினிகளில் இருப்பதோ 1 அல்லது 2.5 போர்ட். கணினியை மாற்றும் எண்ணம் இல்லாதவர் இதை வாங்கி என்ன செய்ய?

விலைக்கு வேகம் என்றால் ருமேனியா. டிஜி நிறுவனம் 2022இல் 10 ஜிபிபிஎஸ்ஸை மாதம் 50 லேயுக்கு, சுமார் 10 யூரோவுக்கு, இறக்கியது. பிரான்ஸிலும் விலை தாழ்வுதான். ஃப்ரீ நிறுவனம் 2002இலேயே 29.99 யூரோ என்று ஒரு விலையை நட்டுவைத்து, மற்றவர்கள் வருடக்கணக்கில் அதைச் சுற்றியே வர வேண்டியதாயிற்று.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஏமாறுவது எளிது. 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் என்று வாங்கி, பகலில் 600 பார்த்து, ராத்திரி ஒன்பது மணிக்கு 10க்கு விழுவதைப் பார்த்துக் குழம்புவோர் உண்டு. லைனில் தவறில்லை. அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான என்டிடியின் ஃப்ளெட்ஸ் லைனில் பழைய பிபிபிஓஇ முறையில் உள்ளே நுழைந்தால், எல்லாப் போக்குவரத்தும் என்டிடிக்கும் நெட் நிறுவனத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு முனையக் கருவி வழியாகப் போக வேண்டும், நெரிசல் அங்கேதான். ஐபிவி6 ஐபிஓஇ என்ற முறை அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே செய்ய வேண்டியது: விண்ணப்பிக்கும்போதே அந்த முறையில் சேவை தரும் "வி6 பிளஸ்" அல்லது "டிரான்சிக்ஸ்" உண்டா என்று கேளுங்கள், ரவுட்டர் பெட்டியில் அவற்றுக்கு வேண்டிய மேப்-இ அல்லது டிஎஸ்-லைட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகும் ரவுட்டரில் பெரும்பாலும் மேப்-இ இருக்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. வி6 பிளஸ்ஸில் ஒரு ஐபிவி4 (பழைய வகை இணைய) முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால் ஒருவருக்குக் கிடைப்பது 240 போர்ட் எண்கள்தான் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, இணைப்புகளைப் பிரித்தறியும் எண்). வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பது, கேம் சர்வர் நடத்துவது என்று விரும்பிய போர்ட் எண்ணைத் திறக்க நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

அமெரிக்காவின் பலவீனம் பதிவேற்றம். டிவி கேபிள் வழியாக வரும் நெட்டில் மேலே போக ஒதுக்கியிருந்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டு. அதனால் 1 ஜிபிபிஎஸ் என்று விற்ற பிளானிலும் பதிவேற்றம் நெடுநாள் 35 எம்பிபிஎஸ் அளவிலேயே கிடந்தது. அங்கே பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 100 எம்பிபிஎஸ் பதிவிறக்கமும் 20 பதிவேற்றமும் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2024 மார்ச்சில் உயர்த்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் உணவுப் பொட்டலத்தில் இருப்பதுபோல ஒரு விவரச் சீட்டு காட்டுவது கட்டாயமாயிற்று: மாதக் கட்டணம், ஒருமுறைக் கட்டணம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், தாமதம், டேட்டா வரம்பு. கடையில் பேசுபவர் சொல்வதைவிட அந்தச் சீட்டை நம்பலாம்.

ஆஸ்திரேலியாவின் தேசிய வலையமைப்பான என்பிஎன் வருடக்கணக்கில் கிண்டலுக்கு ஆளானது. 2025 செப்டம்பர் 14இல் ஃபைபரிலும் டிவி கேபிளிலும் இருந்தவர்களுக்கு 100/20 பிளான் 500/50 ஆனது. பதிவிறக்கம் ஐந்து மடங்கு, பதிவேற்றம் இரண்டரை மடங்கு. கவனமாகப் படியுங்கள், செம்புக் கம்பியில் இருப்பவருக்கு இது கிடையாது. ஆனால் ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். அங்கே நிறுவனங்கள் மாலை 7 முதல் 11 மணி வரை வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தைப் போட்டு விற்கின்றன. பிரிட்டனிலும் 2018 மே முதல் விளம்பரத்தில் போடும் எண், ராத்திரி 8 முதல் 10 வரை குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைப்பதாக இருக்க வேண்டும். அதற்கு முன் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும் என்றிருந்தது.

சொன்ன வேகம் வராவிட்டால்

நாட்டுக்கு நாடு மெய்யான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதிப்படி வீட்டு நெட் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமான வேகம், அதிகபட்ச வேகம் மூன்றையும் எழுத வேண்டும். ஜெர்மனி அதற்குப் பல்லும் கொடுத்தது. 2021 டிசம்பர் முதல், வேகம் வராவிட்டால் கட்டணத்தைக் குறைத்துக் கட்டலாம், அல்லது முன்னறிவிப்புக் காலம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

வழிமுறை கறாரானது. ஒழுங்குமுறை ஆணையம் தரும் கணினிச் செயலியில் மட்டும், லேன் கேபிளில், மூன்று வெவ்வேறு நாட்களில் நாளுக்கு 10 வீதம் 30 முறை அளக்க வேண்டும். எல்லாம் 14 நாட்களுக்குள் முடிய வேண்டும். ஒரு நாளின் பத்துச் சோதனைகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே மூன்று மணி நேர இடைவெளி, மற்றவற்றுக்கு நடுவே ஐந்து நிமிடம். வழக்கமான வேகம் குறைந்தது 90 சதவீதச் சோதனைகளிலாவது வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குறைபாடு நிரூபணம். குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இரண்டு நாட்களில் தலா ஒருமுறை போனாலும் நிரூபணம். செயலி தரும் அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். மடிக்கணினியை வைஃபையில் வைத்துச் சோதித்தவர்கள், மூன்று மணி இடைவெளியை மறந்தவர்கள் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டனின் முறை எளிது. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமின் நெறிமுறையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் விற்கும்போதே குறைந்தபட்ச உத்தரவாத வேகத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போய் ஒரு மாதத்தில் சரிசெய்யவில்லை என்றால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். 2024 செப்டம்பரிலிருந்து நிறுவனம் மாறப் பழையவரிடம் பேசவே வேண்டாம், புதியவர் பார்த்துக்கொள்வார். 2025 ஜனவரி 17க்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில் "பணவீக்கத்தோடு 3.9 சதவீதம்" என்பதுபோல நடுவில் விலை ஏற்றுவதும் நின்றது. ஏற்றுவதானால் எத்தனை பவுண்ட் எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வேகப் பட்டியலில் பிரிட்டன் எந்த இடம் என்று பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகப் பிராட்பேண்ட் என்பதற்கான கீழ்வரம்பு 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆனது. 100 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியவர் 40 வருகிறது என்று சண்டைபோட இது உதவாது. மற்றபடி கொடுக்கும் காசுக்கு இந்திய ஃபைபர் நல்ல பேரம்: ஜியோஃபைபரில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 699க்கு 100, 999க்கு 150, பதிவேற்றமும் அதே வேகம். விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், எனவே 399 என்பது பில்லில் 470.82. "அன்லிமிடெட்" என்பது மாதம் 3,300 ஜிபி. ஒரு குடும்பம் அதைத் தாண்டுவது கடினம்.

மொபைல்

ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று நாடுகளை வரிசைப்படுத்துவது பழைய வழக்கம். அளவில்லா டேட்டா வந்த பிறகு அந்தக் கணக்கு பொருளற்றுப்போனது. 300 ஜிபி பிளானை 300ஆல் வகுத்தால் விலை அற்பமாகத் தெரியும், 6 ஜிபி பயன்படுத்துபவருக்கு அதனால் என்ன லாபம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செய்வதுபோல குறிப்பிட்ட அளவு டேட்டாவுக்கான மாத விலை, தலா மாதத் தேசிய வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது மேல். 2 சதவீதத்துக்குள் வந்தால் கட்டுப்படியாகும் விலை என்பது ஐநா பிராட்பேண்ட் ஆணையத்தின் இலக்கு. டாலருக்கு மாற்றிப் பார்த்து "அங்கே மலிவு" என்பதைவிட இதில் நியாயம் உண்டு.

இந்தியாவில் கவனிக்க வேண்டியது 28 நாள். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஜியோவில் அளவில்லா 5ஜி வேண்டுமானால் தினம் 2 ஜிபி தரும் பிளானாவது போட வேண்டும், 28 நாளுக்கு 349 ரூபாய். வருடத்தில் 12 அல்ல, 13 ரீசார்ஜ். மொத்தம் 4,537, மாதத்துக்கு 378. மற்ற நாட்டு மாதக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த 378ஐ. இதில் வரி உள்ளடக்கம். 4ஜி போன் வைத்திருப்பவருக்கு அந்த அளவில்லாத் தன்மை இல்லை. தினக்கோட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ், படம் ஒன்று திறக்கவே மூச்சு வாங்கும்.

ஜப்பானின் ரகுட்டன் மொபைல் வேறு வழி. 3 ஜிபி வரை 980 யென், 20 வரை 1,980, அதற்கு மேல் எவ்வளவானாலும் 2,980, வரி தனி. பயன்படுத்திய அளவுக்குத் தானாக விலை ஏறி இறங்குவதால், மாதத்துக்கு மாதம் தேவை மாறுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பிளான் காண்பது அரிது. குறை, கட்டடத்துக்குள் சிக்னல். சுவரைத் துளைக்கும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவர்களுக்கு 2024 ஜூனில்தான் இயங்கத் தொடங்கியது, அதுவும் 3 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும். பிரான்ஸில் ஃப்ரீ மொபைல் 2012 ஜனவரியில் 19.99 யூரோவுக்கு 3 ஜிபி கொடுத்து நுழைந்தது; விலை அசையாமல் டேட்டா மட்டும் 300 ஜிபியைத் தாண்டியது.

வேகத்துக்கு வருவோம். திரையில் "5ஜி" என்று எரிவது எதையும் நிரூபிக்காது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது என்78 அலைவரிசையில், 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் பல நூறு எம்பிபிஎஸ் வரும். அதே எழுத்து 700 மெகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எரிந்தால் நல்ல 4ஜியைவிட மெதுவாகவே இருக்கும்.

பயணத்துக்கு இ-சிம் வாங்குவோர் ஒன்றைச் சோதிக்கலாம். இறங்கியதும் கிளவுட்ஃபிளேர் சோதனையைத் திறந்தால் உங்கள் ஐபி முகவரி எந்த நாடு என்று காட்டும். நிற்கும் நாடு இல்லாமல் வேறு நாடு வந்தால், டேட்டா அங்கே போய்ச் சுற்றி வருகிறது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்ப 100 மில்லி செகண்ட் கட்டாயம். டவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீடியோ அழைப்பு இழுக்கும். அந்த நாட்டு நிறுவனத்தின் சிம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

போனையே எடுத்துக்கொண்டு நாடு மாறுபவர்கள் அலைவரிசைப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டி-மொபைலின் பரந்த கவரேஜ் என்71 என்ற அலைவரிசையில் இருக்கிறது, வேறு நாட்டுக்காகத் தயாரான பல போன்களில் அது இல்லை. அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் செருகும் தட்டே கிடையாது. போகும் நாட்டு நிறுவனம் இ-சிம் தருகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28இல் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை நிறுத்தின. அவசர எண் 000ஐ 4ஜியில் அழைக்க முடியாத போன்களை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பிலிருந்து தடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. டேட்டா நன்றாக ஓடும் போனும் இதில் சிக்கும், ஏனென்றால் 4ஜி டேட்டா இருப்பதும் 4ஜியில் அவசர அழைப்பு போவதும் ஒன்றல்ல. *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை வைத்துக்கொண்டு, சிம் வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்திடம் போன் செல்லுமா என்று கேட்டுவிடலாம்.